பொய்ச் சொர்க்கத்தின் கதை எழுதிய மவ்லவி: அப்துல் ஹலீம் ஷரர்

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். துருக்கி வரலாற்றுத் தொடர்களை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்து முடித்திருக்கிறார். அவற்றில் வருவதெல்லாம் உண்மைதானா ஹஜ்ரத் என்று கேட்டார். கொஞ்சம் உண்மை, மீதி கதை என்றேன். அப்படியானால் பார்க்கலாமா, கூடாதா என்றார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தவர் ஒரு மவ்லவி. ஹதீஸ் பாடம் ஓதியவர், இஸ்லாமிய வரலாறு எழுதியவர், அதே கையால் காதல் கதைகளும் எழுதியவர். உருது மொழியில் வரலாற்று நாவல் என்ற வகையைத் தொடங்கி வைத்தவரும் அவரே. மவ்லானா அப்துல் ஹலீம் ஷரர்.

ஷரர் என்றால் தீப்பொறி. அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்.

1860-ல் லக்னோவில் பிறந்தார். 1857 கிளர்ச்சி வெடித்து மூன்றே ஆண்டுகள். அதற்கும் ஓராண்டு முன்பே, 1856-ல், அவத் நாட்டின் கடைசி மன்னர் வாஜித் அலி ஷாவை ஆங்கிலேயர்கள் அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். மன்னர் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் மட்டியா புர்ஜ் என்ற இடத்தில் தங்கினார். தம்மோடு வந்தவர்களை வைத்து அங்கே ஒரு சின்ன லக்னோவையே கட்டிக்கொண்டார். மாளிகைகள், இமாம்பாடாக்கள், விலங்குக் காட்சிசாலை, கவியரங்கம், இசை என்று எல்லாம் இருந்தன. ஆட்சி மட்டும் இல்லை.

ஷரரின் தந்தை ஹகீம் தஃபஸ்ஸுல் ஹுஸைன் அந்த மட்டியா புர்ஜில்தான் இருந்தார். யூனானி வைத்தியம் தெரிந்தவர், அரபியும் பாரசீகமும் கற்ற ஆலிம். 1869-ல், ஒன்பது வயதில், ஷரர் தந்தையிடம் போய்ச் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் அங்கே வளர்ந்தார். அரபு, பாரசீகம், தர்க்கம், கொஞ்சம் வைத்தியம், கொஞ்சம் ஆங்கிலம். கூடவே அரச குடும்பத்து இளவரசர்களின் நட்பு. இந்த நட்பு எல்லை மீறிப் போகிறது என்று தந்தைக்குத் தோன்றியதால் மகனை லக்னோவுக்கே திருப்பி அனுப்பினார்.

அந்தப் பத்து ஆண்டுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாடு போய்விட்டது, ஆனால் நாடு இருப்பது போலவே எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். தர்பார் நடக்கிறது, பட்டங்கள் வழங்கப்படுகின்றன. உண்மையான அதிகாரம் பக்கத்து ஊரில், கல்கத்தாவில், ஆங்கிலேயரிடம் இருக்கிறது. செயற்கையாகக் கட்டிய ஒரு சொர்க்கத்துக்குள் ஒரு சிறுவன் வளர்ந்தான். பின்னாளில் அவர் எழுதிய மிகச்சிறந்த நாவல் செயற்கைச் சொர்க்கம் ஒன்றைப் பற்றியது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

லக்னோ திரும்பியவர் ஃபிரங்கி மஹல் ஆலிம் மவ்லானா அப்துல் ஹை அவர்களிடம் ஓதினார். பிறகு டெல்லி சென்று, அக்காலத்தில் ஹதீஸ் துறையில் பெரும் பெயர் பெற்றிருந்த மியான் நஸீர் ஹுஸைன் அவர்களின் தர்ஸில் அமர்ந்தார். இங்கேயே இருந்திருந்தால் நல்ல ஒரு முதர்ரிஸாக வாழ்ந்து முடித்திருப்பார். ஆனால் எழுத்து அவரை இழுத்தது. மட்டியா புர்ஜில் இருக்கும்போதே லக்னோவின் 'அவத் அக்பார்' பத்திரிகைக்குச் செய்திகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர், 1880-ல் அதன் ஆசிரியர் குழுவிலேயே சேர்ந்தார்.

'அவத் அக்பார்' முன்ஷி நவல் கிஷோர் என்ற இந்துப் பெருமகனின் அச்சகத்திலிருந்து வந்தது. 1858-ல் தொடங்கிய அந்த அச்சகம் குர்ஆன் பிரதிகளையும் அரபு, பாரசீகக் கிதாபுகளையும் அச்சிட்டுக் குவித்தது. நம் ஊர் மதரஸாக்களின் பழைய அலமாரிகளில்கூட நவல் கிஷோர் பதிப்பு ஒன்றிரண்டு இருக்கும். மஞ்சளேறிய தாளில், ஓரமெல்லாம் ஹாஷியா நிறைந்திருக்கும். அந்த இடம்தான் அன்றைய உருது எழுத்தாளர்கள் கூடிய இடம். காஷ்மீரப் பண்டிதர் ரத்தன் நாத் சர்ஷார் அங்கே ஆசிரியராக இருந்தார். அவருடைய 'ஃபஸானா-யே-ஆஸாத்' அந்தப் பத்திரிகையில் தொடராக வந்து வாசகர்களைக் கட்டிப்போட்டிருந்தது. லக்னோவின் வீதிகளையும் நவாபுகளின் வீண்பெருமையையும் சர்ஷார் சிரிக்கச் சிரிக்க எழுதினார். டெல்லிப் பக்கம் டிப்டி நஸீர் அஹ்மத் 1869-லேயே 'மிர்ஆத்துல் உரூஸ்' எழுதி, பெண் கல்வியையும் குடும்ப ஒழுக்கத்தையும் கதையாகச் சொல்லியிருந்தார்.

ஒருவர் சிரிப்பு, மற்றவர் போதனை. இரண்டும் தம் காலத்து வீடுகளையும் தெருக்களையும் பற்றியவை. இந்த இருவருக்கும் நடுவில் இருபது வயது மவ்லவி ஒருவர் என்ன எழுதுவது?

முதலில் அவரும் சமூகக் கதைதான் எழுதிப் பார்த்தார். 'தில்சஸ்ப்' என்ற முதல் நாவலின் முதல் பாகம் 1885-ல் வந்தது. இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். அதே 1885-ல்தான் இலங்கைக் கண்டியில் வழக்கறிஞர் சித்திலெப்பை தமிழில் 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். அவரும் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகை நடத்தியவர். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு முஸ்லிம் பத்திரிகையாளர்கள், இரண்டு மொழிகளில், ஒரே ஆண்டில் நாவல் என்ற புதிய வடிவத்தைக் கையிலெடுத்தார்கள் என்பது நமக்கு நினைவிருக்க வேண்டிய செய்தி. அடுத்த ஆண்டு ஷரர், வங்காள எழுத்தாளர் பங்கிம் சந்திரரின் 'துர்கேச நந்தினி'யை ஆங்கில வழியாக உருதுவுக்குக் கொண்டுவந்தார். வரலாற்றுப் பின்னணியில் காதல் கதை சொல்வது எப்படி என்று அந்த மொழிபெயர்ப்பில் கை பழகியிருக்க வேண்டும்.

1887-ல் சொந்தமாக 'தில்குதாஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உள்ளத்தை உருக்குவது என்று பொருள்.

இந்த நேரத்தில் அவர் படித்த ஒரு நூல் அவரைச் சுட்டது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1825-ல் எழுதிய 'தி தலிஸ்மன்' நாவல். சிலுவைப் போர்க் காலக் கதை. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்காட் ஸலாஹுத்தீன் அய்யூபியைக் கேவலப்படுத்தவில்லை. நோயுற்ற மன்னர் ரிச்சர்டைக் குணப்படுத்த ஸலாஹுத்தீனே மாறுவேடத்தில் ஹகீமாக வருவதாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு மனிதரின் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டே அவருடைய மார்க்கத்தையும் மக்களையும் தாழ்த்திவிட்டுப் போகும் பார்வை அதில் உண்டு. ஷரருக்கு அது பொறுக்கவில்லை. பதில் எழுத முடிவு செய்தார். ஆலிம்களின் வழக்கப்படி மறுப்பு ரிஸாலா எழுதவில்லை. நாவலுக்கு நாவலாலேயே பதில் சொன்னார். 1888-ல் 'தில்குதாஸ்' இதழில் தொடராக வந்த 'மலிக்குல் அஸீஸ் வர்ஜினா' உருதுவின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுகிறது. ஸலாஹுத்தீனின் மகன் அல்-அஸீஸுக்கும் கிறிஸ்தவ அரசகுலப் பெண் வர்ஜினாவுக்கும் இடையே மலரும் காதல் கதை அது.

அல்-அஸீஸ் உண்மையான மனிதர். தந்தை 1193-ல் மறைந்த பின் எகிப்தை ஆண்டு 1198-ல் இறந்தார். வர்ஜினா கற்பனை. ஆனால் இப்படியொரு கதைக்கு வரலாற்றில் ஒரு விதை இருக்கத்தான் செய்கிறது. ரிச்சர்டின் தங்கை ஜோனை ஸலாஹுத்தீனின் சகோதரர் அல்-ஆதிலுக்கு மணமுடித்துப் போரை முடிக்கலாம் என்ற பேச்சு 1191-ல் நடந்ததை, ஸலாஹுத்தீனின் கூடவே இருந்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் பதிவு செய்திருக்கிறார். அந்தத் திருமணம் நடக்கவில்லை. வரலாறு நிறுத்திய இடத்திலிருந்து நாவலாசிரியர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசகர்கள் கொண்டாடினார்கள். அடுத்தடுத்து 'ஹஸன் அஞ்சலினா', 'மன்ஸூர் மோஹனா' என்று வந்தன. ஸ்பெயினின் பாதிரிமார்களைக் கடுமையாகச் சாடும் 'ஃப்ளோரா ஃப்ளோரிண்டா' வந்தது. தலைப்புகளை வரிசையாகப் பார்த்தாலே அச்சு புரிந்துவிடும். மாப்பிள்ளை எப்போதும் முஸ்லிம் வீரர். பெண் எப்போதும் எதிர்த்தரப்பு. இன்றைக்கு ஒருவர் இப்படித் தலைப்பு வைத்து எழுதினால் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு வாரத்துக்குத் தீனி கிடைக்கும்.

இந்த நாவல்களை நான் இளமையில் படித்தபோது பரவசமாக இருந்தது. மதரஸா விடுதியில் நாவல் வைத்திருப்பது குற்றம் என்பதால் ஒரு பெரிய கிதாபின் நடுவே மறைத்து வைத்துத்தான் படித்தேன். பிறகு கல்லூரியில் இலக்கியம் படித்துவிட்டு மீண்டும் எடுத்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. நாட்டைப் பறிகொடுத்த சமுதாயம். அரண்மனை இடிந்த ஊர். வென்றவர்கள் வெளியே கோட்டும் தொப்பியுமாக நடமாடுகிறார்கள். தோற்றவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து மாதந்தோறும் ஓர் இதழைப் பிரிக்கிறார்கள். அதில் வென்றவர்களின் இளவரசி நம் இளவரசரைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள். வாளால் கிடைக்காதது கதையில் கிடைக்கிறது. ஆறுதல்தான், மறுக்கவில்லை. காயத்துக்கு ஆறுதல் தேவைதான். ஆனால் ஸ்காட் செய்த தவறையே திசை மாற்றிச் செய்வது அது. அவர்களுடைய கதையில் நாம் தாழ்ந்தோம், நம்முடைய கதையில் அவர்கள் தாழ்கிறார்கள். பாத்திரங்களும் அப்படித்தான். ஷரரின் வீரர்களில் ஒருவரை எடுத்து இன்னொரு நாவலில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. போர்க்களமும் நிலவொளியும் மட்டும் கண்முன் நிற்கும்.

ஷரரே இதை உணர்ந்தாரா? அவர் வாழ்க்கையின் அடுத்த பத்தாண்டுகளைப் பார்த்தால் உணர்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

பத்திரிகை நடத்தி அந்தக் காலத்தில் குடும்பம் நடத்த முடியாது. எழுத்தாளர்களுக்கெல்லாம் ஒரே அடைக்கலம் ஹைதராபாத். நிஜாமின் அரசிலும் அங்குள்ள பிரபுக்களிடமும் வேலை கிடைக்கும். டிப்டி நஸீர் அஹ்மத் அங்கே உத்தியோகம் பார்த்தார். சர்ஷாரும் கடைசிக் காலத்தில் அங்கேதான் போனார், குடிப்பழக்கம் உடலைத் தின்றுவிட அங்கேயே இறந்தார். மிர்ஸா ருஸ்வா பிற்காலத்தில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். ஷரரும் 1891-ல் போனார். போகும்போதெல்லாம் 'தில்குதாஸ்' நின்றுவிடும். திரும்பி வந்து மீண்டும் தொடங்குவார். மறுபடி அழைப்பு வரும், மறுபடி நிற்கும். அந்த இதழ் எத்தனை முறை நின்று எழுந்தது என்று கணக்கெடுத்தாலே அவருடைய வறுமையின் வரலாறு கிடைத்துவிடும்.

ஹைதராபாத் நவாப் விகாருல் உமராவின் மகன் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டபோது ஆசிரியராக உடன் செல்லும் வாய்ப்பு ஷரருக்குக் கிடைத்தது. ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கினார். பிரெஞ்சு மொழியும் கற்றார். கதைகளில் அவர் எதிரியாக நிறுத்திய மக்களை வீதியில், ரயிலில், வீட்டில் பார்த்தார்.

திரும்பி வந்தவருக்கு அடி உள்ளிருந்தே விழுந்தது. 'தில்குதாஸ்' இதழை ஹைதராபாத்தில் வைத்து நடத்திய காலத்தில், இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் மகளார் ஸுகைனா (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை எழுதினார். கவிஞர்கள் அவர்களிடம் தீர்ப்புக் கேட்டு வந்தது, அவர்களின் திருமணங்கள் என்று அரபு இலக்கியத் தொகுப்புகளில் பல செய்திகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் அவர் பேசியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1899-ல் ஹைதராபாத்தை விட்டே கிளம்ப வேண்டி வந்தது. இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 'அகானி' போன்ற தொகுப்புகளில் சனது இருந்தாலும் அவை ரசனைக்காகத் திரட்டப்பட்டவை. அஹ்லுல் பைத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி அவற்றை வைத்து எழுதும்போது ஹதீஸ் மாணவர் ஒருவரிடம் இன்னும் கூடுதல் எச்சரிக்கையை எதிர்பார்க்கத்தான் வேண்டும். அதே நேரம், ஒரு கட்டுரைக்காக ஓர் அறிஞரின் பிழைப்பைப் பறிப்பதும் பதிலாகாது. தவறென்றால் ஆதாரத்தோடு மறுத்து எழுதுவதுதான் நம் முன்னோர்களின் வழி.

அந்த 1899 உருது எழுத்துக்கு விசேஷமான ஆண்டு. மவ்லானா ஷிப்லி நுஃமானியின் 'அல்-ஃபாரூக்' அந்த ஆண்டு வந்தது. உமர் (ரலி) அவர்களின் வாழ்வை நவீன வரலாற்று முறையில் ஆராய்ந்த நூல். லக்னோவின் தவாயிஃப் ஒருத்தியின் சோகத்தைச் சொல்லும் ருஸ்வாவின் 'உம்ராவ் ஜான் அதா'வும் அதே ஆண்டு. ஷரரின் 'ஃபிர்தவ்ஸே பரீன்' வந்ததும் அப்போதுதான். வரலாற்றைக் கதை கலக்காமல் சொல்வது ஷிப்லி வழி. கண்முன் இருக்கும் மனிதர்களைக் கதையாக்குவது ருஸ்வா வழி. இரண்டுக்கும் நடுவில் நின்ற ஷரர், இந்த முறை தம் பழைய அச்சை உடைத்துவிட்டார்.

'ஃபிர்தவ்ஸே பரீன்' என்றால் உன்னத சொர்க்கம். ஹுஸைன் என்ற மார்க்க மாணவனும் ஸமுர்ருத் என்ற பெண்ணும் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்கள். வழியில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் அவளுடைய சகோதரனின் கப்ர் இருக்கிறது. அங்கே நிற்கும்போது தேவதைகள் போன்ற ஒரு கூட்டம் வந்து அவர்களைச் சூழ்கிறது. ஹுஸைன் மயங்கி விழுகிறான். விழித்தால் ஸமுர்ருத் இல்லை, அவள் பெயரில் ஒரு கப்ர் இருக்கிறது. அந்தக் கப்ரடியிலேயே அவன் கிடக்கிறான். ஒரு நாள் ஒரு கடிதம். சொர்க்கத்திலிருந்து ஸமுர்ருத் எழுதியது! தன்னைச் சேர வேண்டுமானால் ஷைகு அலீ வுஜூதி என்ற பெரியவரிடம் போய் முரீதாகு என்கிறாள். அவன் போகிறான். ஷைகு அவனைப் படிப்படியாகத் தன் சொல்லுக்கு மட்டும் அசைபவனாக மாற்றுகிறார். கடைசியில் ஒரு கட்டளை வருகிறது. இமாம் நஜ்முத்தீன் நைஷாபூரியைக் கொன்றுவிட்டு வா.

அந்த இமாம் ஹுஸைனுடைய உறவினர். அவனுக்கு மார்க்கம் கற்றுக்கொடுத்த உஸ்தாத்.

அவன் போய்க் கொல்கிறான். அதற்குப் பரிசாக மயக்க மருந்து கொடுத்து ஒரு தோட்டத்துக்குள் தூக்கிச் செல்லப்படுகிறான். பாலாறும் மாளிகையும் ஹூருல் ஈன்களும் ஸமுர்ருதும் இருக்கிறார்கள். அது அலமூத் கோட்டைக்காரர்கள் கட்டிய பொய்ச் சொர்க்கம். ஸமுர்ருத் அங்கே கைதி. மிரட்டி எழுத வைக்கப்பட்ட கடிதங்கள் அவை. இந்த நாவலில் புத்தி கெட்டவன் வீரன், புத்தியோடு இருப்பவள் பெண். தந்தையை அந்தக் கூட்டத்தாரிடம் பறிகொடுத்த மங்கோலிய இளவரசி ஒருத்திக்கு அவள் வழி காட்டுகிறாள். ஹுலாகுவின் படை வருகிறது, கோட்டை விழுகிறது. வரலாற்றில் அலமூத் விழுந்தது 1256-ல்.

முந்தைய நாவல்களில் எதிரி வெளியே இருந்தான். வேறு கொடி, வேறு மதம். இங்கே எதிரி தாடியும் தஸ்பீஹுமாக, நம் மொழியையே பேசிக்கொண்டு இருக்கிறான். மார்க்க ஞானம் உள்ள ஒரு மாணவனைக் கொலைகாரனாக்கியது அறியாமை என்று சொல்ல முடியாது. அவன் ஓதியவன். கொல்வது ஹராம் என்று தெரிந்தவன். ஆனால் ஷைகு சொன்னால் வெளித்தோற்றத்தில் பாவமாகத் தெரிவதற்கும் உள்ளே ஒரு ரகசியம் இருக்கும் என்று நம்ப வைக்கப்பட்டான். படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைப்பினங்களுக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அதை மறந்த ஒருவனுடைய கை எதுவரை போகும் என்பதை ஷரர் காட்டுகிறார். இன்று நம் பிள்ளைகளை முகம் தெரியாத யார் யாரோ கைப்பேசி வழியாகச் சொர்க்கத்தைக் காட்டி அழைக்கும் காலத்தில், ஹுஸைனுக்கு வந்த அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது முதுகு சில்லிடுகிறது. உண்மையான தஸவ்வுஃபை அவர் பழிக்கிறார் என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. போலியைக் காட்டுவது அசலுக்குக் காவல்.

இரண்டு விஷயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து, செயற்கைச் சொர்க்கம் என்ற கதை மார்க்கோ போலோவின் பயண நூல் வழியாக உலகமெங்கும் பரவியது. அதை இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அலமூத் விழுந்தபோது மங்கோலியரோடு போய் அதன் நூலகத்தைச் சோதித்த வரலாற்றாசிரியர் ஜுவைனீ அந்தப் பிரிவினரைக் கடுமையாக வெறுத்தவர். அவர்கூட அப்படியொரு தோட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆகவே இஸ்மாயிலிகளோடு நமக்குக் கொள்கை வேறுபாடு எவ்வளவு இருந்தாலும் இந்தக் கதையை அவர்கள் மீது வரலாறாகச் சுமத்தக் கூடாது. இரண்டாவது, அலமூத்தை அழித்த அதே ஹுலாகு இரண்டே ஆண்டுகளில், 1258-ல், பக்தாதை அழித்தான். நாவலில் அவன் நீதி வழங்க வந்தவன் போல நிற்பது எனக்கு உறுத்தல்தான். கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில் ஷரர் வரலாற்றின் கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த ஆண்டே அவர் இன்னொரு கல்லை எறிந்தார். 1900-ல் லக்னோவில் 'பர்தா-யே-இஸ்மத்' என்ற இதழ். ஷரீஅத் சொல்லும் ஹிஜாப் வேறு, பெண்ணை நான்கு சுவருக்குள் அடைத்து வைக்கும் ஊர் வழக்கம் வேறு என்பது அவர் வாதம். ரயில் பயணத்தில் மணமகள் மாறிப்போய் ஒரு குடும்பமே சீரழியும் கதையை 'பத்ருன்னிஸாவின் துன்பம்' என்ற நாவலாக எழுதினார். மவ்லவி ஒருவரே இப்படி எழுதியதால் வசை அதிகமாகவே வந்தது.

சக எழுத்தாளர்களோடு அவர் போட்ட சண்டைகளில் எல்லாவற்றிலும் நியாயம் அவர் பக்கம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1905-ல் இளம் கவிஞர் சக்பஸ்த், தயா சங்கர் நஸீம் எழுதிய 'குல்ஸாரே நஸீம்' காவியத்தை முன்னுரையோடு பதிப்பித்தார். ஷரர் 'தில்குதாஸ்' இதழில் அதை விமர்சித்தார். மொழிக் குறைகளை அடுக்கினார். அந்தக் காவியத்தின் சிறப்பெல்லாம் நஸீமின் உஸ்தாதான ஆத்திஷுக்கே சேர வேண்டும் என்ற சந்தேகத்தையும் கிளப்பினார். சக்பஸ்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஷரருக்கு நாற்பத்தைந்து. பையன் விடவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினான். முன்ஷி ஸஜ்ஜாத் ஹுஸைனின் நகைச்சுவை இதழ் 'அவத் பஞ்ச்' சக்பஸ்த் பக்கம் நின்று மவ்லானாவைக் கிழித்தது. இந்து, முஸ்லிம் என்று பார்த்து அணி பிரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் பண்டிதக் கவிஞருக்காக மவ்லவியை எதிர்த்தார். ஓர் இந்துக் கவிஞரின் உழைப்பை முஸ்லிம் உஸ்தாதின் கணக்கில் எழுத முயன்றது ஷரரின் சறுக்கல் என்றே நினைக்கிறேன். இத்தனைக்கும் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகவே 'இத்திஹாத்' என்ற இதழை நடத்தியவரும் அவர்தான். மனிதர்கள் அப்படித்தான்.

எதுகை இல்லாக் கவிதையை உருதுவில் புகுத்தவும் அவர் பாடுபட்டார். காஃபியா இல்லாமல் கவிதையா என்று கவிஞர்கள் கேலி செய்தார்கள். அந்த முயற்சி அவர் காலத்தில் காய்க்கவில்லை.

ஹைதராபாத் அவரை மீண்டும் அழைத்தது, மீண்டும் வெளியேற்றியது. 1907-ல் கல்வித்துறையில் உதவி இயக்குநர் பதவி கிடைத்தது, 1909-ல் நிஜாமின் அதிருப்தியால் போனது. லக்னோவுக்கே வந்து அமர்ந்தார். 1913 முதல் 'தில்குதாஸ்' இதழில் தம் ஊரைப் பற்றித் தொடராக எழுதத் தொடங்கினார். 'குஸஷ்தா லக்னோ', கடந்துபோன லக்னோ. இதில் இளவரசனும் இல்லை, இளவரசியும் இல்லை. நவாபுகளின் வரலாறு, ரொட்டி எத்தனை வகை, அங்கர்க்கா எப்படித் தைப்பது, கோழிச் சண்டை, புறா வளர்ப்பு, எழுத்தணிக் கலை, பான் மடிக்கும் முறை, ஸலாம் சொல்லும் பாங்கு, மட்டியா புர்ஜின் கடைசி நாட்கள் என்று ஒன்றையும் விடவில்லை. 1975-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட அந்த நூல் இல்லாமல் இன்று அவத் நாட்டைப் பற்றி யாரும் ஆய்வு செய்ய முடியாது. கற்பனை வரலாறு எழுதிப் புகழ்பெற்றவர் தாம் கண்ணால் கண்டதையும் பெரியவர்களிடம் கேட்டதையும் எழுதியபோது அதுவே வரலாற்று ஆவணமாகிவிட்டது.

நிஜாம் அரசு அவரை மறுபடி நினைத்தது. இந்த முறை கேட்டது நாவல் அல்ல, இஸ்லாமிய வரலாறு. லக்னோவில் இருந்தபடியே எழுதினார். 1926 டிசம்பரில் அங்கேயே மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாவல், வரலாறு, வாழ்க்கை வரலாறு, நாடகம், கட்டுரை என்று அவர் விட்டுச்சென்ற நூல்கள் நூறு அளவுக்கு வரும். சிறுவயதில் ஷரரையும் சர்ஷாரையும் ருஸ்வாவையும் வெறியோடு படித்ததாகப் பிரேம்சந்த் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். ஷரர் போட்ட பாதையில் பின்னாளில் நஸீம் ஹிஜாஸி வந்தார். அவருக்குப் பின்னால் இன்றைய திரைத் தொடர்கள்.

பள்ளிவாசல் படியில் கேட்ட அந்தத் தம்பிக்கு இவ்வளவையும் சொல்ல அன்று நேரமில்லை. சுருக்கமாக ஹுஸைனுக்கு வந்த கடிதத்தின் கதையை மட்டும் சொன்னேன். அந்த ஷைகு பொய்யானவர் என்று அவன் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் ஹஜ்ரத் என்று கேட்டார். உஸ்தாதைக் கொல்லச் சொன்ன அந்த நிமிடமே கண்டுபிடித்திருக்கலாமே என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, நாவலின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினார்.